கண் போன பக்கம் வண்டி

அந்த நினைப்பு எனக்கு முதலில் வந்தது பழனி ரோட்டில், ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலை நேரம். பின்னால் அம்மா, மடியில் சாப்பாட்டுப் பை. ரோட்டின் இடது ஓரத்தில் பாதயாத்திரைக்காரர்கள் பச்சை வேட்டியும் மஞ்சள் துண்டுமாக நீளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வருசா வருசம் பார்க்கிற கூட்டம்தான். அவர்களுக்கு வழி விட்டுத் தள்ளித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சீமைக்கருவேலம் புதருக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். காலில் தைத்த முள்ளைப் பிடுங்க உட்கார்ந்திருப்பார் போல.

என் கண் அவர் மேல் போய் ஒட்டிக்கொண்டது. சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் அவர் தலையில், நெற்றிக்குச் சற்று மேலே. வலது கட்டைவிரல் தன்னால் அழுந்தியது. ஸ்கூட்டரில் அந்த இடத்தில் ஸ்டார்ட் பொத்தான்தான் இருக்கிறது. ஓடுகிற வண்டியில் அதை எதற்கு அழுத்துகிறேன்? கண்ணை எடுக்க முடியவில்லை. கண் போன பக்கம் வண்டி போகும் என்பது ஓட்டிப் பழகிய எல்லாருக்கும் தெரியும். வண்டி அந்த மனுசரை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனது.

“ஏய்! ஏய்! ரோட்டப் பாருடி!”

அம்மா தோளைப் பிடித்து உலுக்கியதில் கைப்பிடி திரும்பியது. “முருகா!” என்று அந்த ஆள் மறுபடி முள்ளுக்குள்ளேயே குதித்துவிட்டார். நிறுத்தினால் அடி விழும் என்று நினைத்தேனோ என்னவோ, நிறுத்தாமல் போய்விட்டேன்.

“தூங்கிட்டியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

“பின்ன என்னத்தப் பாத்த?”

தூக்கமே இல்லை எனக்கு. அவ்வளவு விழிப்பாக நான் இருந்ததே இல்லை. நான் போனில் ஆடுகிற கேமில் சுடுகிற பொத்தான் அந்தக் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது. சாமி கும்பிடப் போகிற ஒரு மனுசரை நான் குறி பார்த்திருக்கிறேன். இது கேம் வேலை. அதுதான் அந்த நினைப்பு. பள்ளிக்கூட வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு, வீடு வரைக்கும் வண்டியை ஊர்கிற வேகத்திலேயே ஓட்டி வந்தேன்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு, திண்டுக்கல்லில் வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட். அம்மா ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூட்டுவலியில் பஸ் படி ஏற முடியாமல் போனதிலிருந்து அவளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. மீதி நேரம் கேம். நாலு பேர் ஒரு டீமாகத் தீவில் இறங்க வேண்டும், மற்ற டீம்களைச் சுட வேண்டும், கடைசி வரைக்கும் உயிரோடு நிற்க வேண்டும். எங்கள் டீமில் மதுரைக்காரன் ஒருவன், கீரனூர்க்காரர் ஒருவர், கோயம்புத்தூரில் படிக்கிற பையன் ஒருவன், நான். நான் மைக் போடுவதில்லை, டைப் அடிப்பதோடு சரி. அதனால் நான் பொண்ணு என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

“ஏலே, ஒனக்கு இருக்கறது கண்ணு இல்லலே, கேமரா” என்பான் மதுரைக்காரன். புல்லுக்குள் ஒரு தலை அசைந்தால் முதலில் பார்ப்பது நான்தான். அந்தப் பேரை வாங்க எத்தனை பொழுது போயிருக்கும் என்று கணக்குப் போட்டதில்லை. சோறு ஆறிப்போய் அம்மா மூடிவைத்த தட்டுகள்தான் கணக்கு. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சந்தோசமாக இருந்தேன். நேர்காணலுக்குக் கூப்பிடாத ஊரில், என்னைத் தினமும் கூப்பிட மூன்று பேர் இருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “கேம் ஆடி ஆடி கண்ணு என் பேச்சக் கேக்க மாட்டேங்குதும்மா.”

அவள் புரிந்துகொண்டது வேறு. “செல்லப் பாத்தா கண்ணு போயிரும்னு நான் எம்புட்டு நாளாச் சொல்றேன்?” என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் வாசித்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“டீச்சர், ஒங்க பொண்ணு கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் பவர மாத்தணும் போலருக்கு.”

அம்மா புதுக் கண்ணாடியோடு திரும்பினாள். நான் பயத்தோடு திரும்பினேன். கண்ணில் கோளாறு என்றால் ஒரு சொட்டு மருந்து, ஒரு கண்ணாடி என்று போயிருக்கும். கோளாறே இல்லாத கண் எதற்காக ஆளைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறது?

இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். கேம் அதிகமானால் கெடுதல் என்றார்கள் பாதிப் பேர். அதெல்லாம் இல்லை, கண்ணுக்கும் கைக்கும் வேகம் கூடும் என்றார்கள் மீதிப் பேர். அந்த வேகம்தான் எனக்குப் பயமே. வீட்டுக்குள்ளும் கவனிக்க ஆரம்பித்தேன். மாடிப்படியில் அப்பா ஏறுகிற சத்தம் கேட்டால், எந்தப் படி, எந்தப் பக்கம் என்று உடம்பு விறைத்துக்கொண்டது. மொட்டை மாடிக் கொடியில் அவர் சட்டை ஆடினால் குனிந்தேன். ஒரு தடவை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டேன். எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தேன், நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை. சிரிப்பு வரவில்லை. இந்தக் கையை நம்பித்தான் நாளைக்கும் அம்மா பின்னால் ஏறி உட்காரப்போகிறாள்.

வேதக்காரர்களான எங்களுக்குத் தவக்காலம் வந்தது. விபூதிப் புதன் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், ஈஸ்டர் வரைக்கும் எதை விடுகிறோம் என்று ஆளுக்கொன்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். நெற்றியில் சாம்பல் அழியாமல் உட்கார்ந்திருந்தோம்.

“டீக்கடை வடை” என்றார் அப்பா. வருசா வருசம் அதுதான்.

“கவுச்சியும் சீரியலும்” என்றாள் அம்மா.

“கேம்” என்றேன் நான்.

இருவரும் கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்தார்கள். “பெரிய சிலுவையாத் தூக்கிட்டா” என்றார் அப்பா. “பெரிய வெள்ளி வரைக்கும் தாங்குவியா, இல்ல பெரிய வியாழனே கீழ போட்டுருவியா?”

முதல் நாள் தலைவலி. பருப்புச் சோற்றில் கட்டைவிரல் தன்னால் வட்டம் போட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வண்டி ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், கண்ணை ஒன்றிலேயே ஒட்டவிடாமல் நகர்த்த. “பால்காரர். ஆட்டுக்குட்டி. முருங்கைக்காய் மூட்டை ஏத்துன வேன்.”

“ரேடியோப் பொட்டிய வண்டியில கட்டுன மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. ஆனாலும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை இடது பக்கம் கொடைக்கானல் மலை மலையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் யார் ஒளிந்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பா நேரே டீக்கடைக்குப் போய் இரண்டு வடையை எடுத்தார்.

“அப்பா, தவக்காலம்!” என்றேன், வருசா வருசம் சொல்கிற மாதிரி.

“ஞாயித்துக்கெழம தவக்காலக் கணக்குலயே வராது. ஆண்டவர் உயிர்த்த நாளு. அம்மா இன்னிக்கு கறி எடுக்கச் சொல்லிருக்கா, தெரியுமா?”

“அப்ப எனக்கு?”

“ஒனக்கும் அதே சட்டந்தான்” என்றார், வடையைப் பிட்டுக்கொண்டே.

அவருக்கு இரண்டு வடையோடு முடிந்துபோகிற சட்டம் அது. மூன்று நாள் பட்டினி கிடந்த நான், கறிச்சோற்றைக்கூட ஒரு கையால் அள்ளிப் போட்டுக்கொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் தீவிலேயே கிடந்தேன்.

“ஏனுங்க ப்ரோ, எங்க போயிட்டீங்க? டீமே அநாதையாக் கெடக்குதுங்க” என்றார் கீரனூர்க்காரர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ரோட்டில் எல்லாமே அசைந்தது, எல்லாமே தலையாகத் தெரிந்தது. செவ்வாய் கொஞ்சம் பரவாயில்லை. வியாழன், வெள்ளி நான் நல்ல பிள்ளை. இது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமையை நான் விடவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தது. சட்டம் என் பக்கம் இருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு நடக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். தைப்பூசக் கூட்டம் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் குழுக்கள். அது இன்னும் மோசம். வரிசையாகப் போனால் கண்ணுக்குப் பழகிவிடும். எங்கிருந்து வருவார்கள் என்று தெரியாமல் வந்தால்?

அந்த ஞாயிறு அதுவரை ஆடாத ஆட்டம் ஆடினேன். அடுத்த நாள் காலை பைபாஸ் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், புளியமரத்து நிழலிலிருந்து காவிச் சேலை கட்டிய ஒரு அம்மா ரோட்டோரத்துக்கு வந்தார். தோளில் துணிப்பை. நான் “காவிச் சேலை” என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னாலிருந்த என் அம்மாவுக்கே கேட்டிருக்கிறது. சொன்ன பிறகும் கண் நகரவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. என் கையை நானே வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது.

வண்டிக் கண்ணாடியில் அவர் பையின் வார் மாட்டியது. அந்த அம்மா ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் உட்கார்ந்தார். வண்டி சாய்ந்தது. என் அம்மா வலியுள்ள காலை ஊன்றினாள். அவள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குழு ஓடி வந்தது. எரியோடு ஊர்க்காரர்கள். ராத்திரி நடக்கும்போது வண்டிக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் பையில் ஒட்டியிருந்த மினுங்கும் ஸ்டிக்கர் கிழிந்து தொங்கியது. அடியில்லை. அந்த அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ண எங்கடி வச்சுட்டு ஓட்டுற?”

“ஒங்க மேலதாங்க வச்சிருந்தேன்” என்றேன். உண்மையைச் சொன்னேன். நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்து அடிக்கக் கை ஓங்கிவிட்டார். அம்மாதான் நடுவில் நொண்டிக்கொண்டு வந்து, “எம்புள்ளைக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன் தாயி” என்று கும்பிட்டாள். பாடம் நடத்துகிற அந்தக் கை அப்படிக் குவிந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். “பாத்துட்டுதான இருந்த? காவிச் சேலன்னு சொன்னியே?”

“பாத்தேன்மா. பாத்ததுனாலதான் போச்சு.”

இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் கையை நீட்டினாள். “சாவியக் குடு.”

இப்போது அம்மா பஸ்ஸில் போகிறாள். நான் கூடப் போய்ப் பின்னாலிருந்து தாங்கி ஏற்றுகிறேன். “மெதுவா ஏறுங்க டீச்சர், வண்டி நிக்கும்” என்று கண்டக்டர் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது. ஒவ்வொரு படிக்கும் அவள் உதட்டைக் கடிக்கிறாள்.

டீமுக்கு ஒரே ஒரு கேள்வி டைப் அடித்தேன். ரோட்டில் வண்டி ஓட்டும்போது ஓரத்தில் ஏதாவது அசைந்தால் உங்களுக்கு என்ன ஆகும்? மதுரைக்காரன் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பினான். கோயம்புத்தூர்ப் பையன் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். செத்த நேரம் கழித்துக் கீரனூர்க்காரர் எழுதினார்: “நாய் ஓடுனா கை இழுக்குதுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க.” அதற்குக் கீழே, சிரித்த அதே மதுரைக்காரன்: “எனக்கும்லே.”

எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை இருந்த பயம் சின்னது. அன்றைக்கு மொட்டை மாடியில் நின்று கீழே ரோட்டைப் பார்த்தேன். போகிற வருகிற ஒவ்வொரு பைக்கையும், அதை ஓட்டுகிற ஒவ்வொரு பையனின் கண்ணையும். இதில் எத்தனை பேர் கை இழுத்துக்கொண்டு போகிறார்கள்? கேம் கெடுதலா என்று யாராவது கேட்டால் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. என் அம்மா முட்டியில் இருக்கிற வீக்கத்துக்கு மட்டும் பதில் தெரியும்.

வருகிறது குருத்து ஞாயிறு. கணக்கில் வராத நாள் என்று இனிமேல் எனக்கு ஒன்று கிடையாது. குருத்தோலைப் பூசை முடிந்ததும் நடக்கப்போகிறேன், பழனி ரோட்டில், அந்த ஓரத்தில், பாதயாத்திரைக்காரர்களுக்குப் பின்னாலேயே, அம்மாவின் பள்ளிக்கூடம் வரைக்கும். போன் வீட்டில் இருக்கும். அசைகிறவர்களைப் பக்கத்தில், மெதுவாக, முகத்தைப் பார்த்துக்கொண்டே போனால் இந்தக் கண் மாறுமா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மாறினால், அதற்கப்புறம் சாவியைக் கேட்பேன். முதலில் தனியாக ஓட்டுவேன், அம்மா இல்லாமல்.

“வேதக்காரப் புள்ள பழனிக்கு நடக்குதுன்னு சொல்லப் போறாங்க” என்றார் அப்பா.

“சொல்லட்டும். ரோடு எல்லாத்துக்கும் பொதுதான்” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், பழனி ரோட்டில் நடக்கிறேன் என்று டீமுக்குச் சொல்லிவிட்டேன். “பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வாங்க ப்ரோ” என்று பதில் வந்தது.

மினுங்கும் ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றை என் பையின் முதுகில் ஒட்டியாயிற்று, பின்னால் வருகிறவன் கண்ணுக்கு நான் என்னவாகத் தெரிவேனோ என்ற பயத்தில். இன்னொன்று, அந்த எரியோட்டு அம்மா எங்கேயாவது தட்டுப்பட்டால் கொடுக்க.