ஆந்தை மார்க் சுத்தியல்

நளீர் முதலாளி ஹஜ்ஜுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. போகட்டும், அது அவருக்கும் படைத்தவனுக்கும் உள்ள விசயம். ஆனால் பயணம் போவதற்கு முன் வீடு வீடாக ஏறி, "ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்குங்க" என்று மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கேட்கப்பட்டவர் "பொருந்திட்டன்" என்று கையைப் பிடித்துச் சொல்லி, ஒரு பிளேன்டியும் குடிக்கக் கொடுத்து அனுப்புவார். யாரும் மறுத்து நான் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவர் அச்சிமுகம்மது ஓடாவியார் வீட்டுக்கும் புறப்பட்டார். தன்னுடைய ஹார்ட்வெயார் கடையில் பதினொரு வருடமாக வேலைக்கு நிற்கும் என்னையும் கூட வரச் சொன்னார்.

ஓடாவியார் முப்பது வருடத்துக்கு மேல் மரவேலை செய்தவர். கல்முனைக்குடியில் அவர் கைபடாத நிலையும் கதவும் குறைவு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் இரண்டுபட்டு, ஆளுக்கு ஆள் முகம் பாராமல் தெருவைப் பார்த்து நடந்த காலத்திலும் சைக்கிளில் மரவேலை ஆயுதப் பையைக் கட்டிக்கொண்டு தமிழ் ஊரான திருக்கோவிலுக்குப் போய் பூபாலசிங்கம் மாஸ்டரின் வீட்டுக் கூரையை முடித்துக் கொடுத்தவர். வாய் மட்டும் பொல்லாதது. வேலை பிழைத்திருந்தால், அது யாருடைய வீடு என்று பார்க்கமாட்டார், ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் பேசுவார்.

அவருக்கு ஆளை நம்பும் பழக்கம் இல்லை, ஆந்தையை நம்பும் பழக்கம் இருந்தது. ஆந்தை மார்க் சுத்தியல், ஆந்தை மார்க் உளி. எழுபதுகளில் வந்தது சீமை இரும்பு, தீட்டினால் மாதக்கணக்கில் கூர் நிற்கும் என்பார். எண்பதுகளில் அதே ஆந்தை இந்தியாவிலிருந்து வந்தது. "கொஞ்சம் மெது, ஆனா பாவிக்கலாம்" என்றார். பிறகு பிடி மாறியது, பெயின்ட் மாறியது, பெட்டி மாறியது. ஒவ்வொன்றையும் கடையில் நின்று குறை சொல்லுவார், சொல்லிவிட்டு அதையேதான் வாங்குவார். பறவை மாறவில்லையே.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடலுக்குத் தூரமான வரிப்பத்தான்சேனையில் ஒரு வீட்டுக்குக் கூரை ஏற்றிக்கொண்டு நின்றார். கையில் இருந்த, மரம் அறுக்கும் ஒரு வாளும் அளவுகோலும்தான் மிஞ்சின. மனைவி ஹாஜறாவும் மகள் ஸம்ஸியாவும் ஓடித் தப்பினார்கள். வீடு போயிற்று. பாதிச் சுவர் எழும்பிய மகளின் வீடும் போயிற்று. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அதனால் மனிதர் ஒரு மாதம்கூட உட்காரவில்லை, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்.

அப்போது எங்கள் கடைக்குப் பொற்காலம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை. செத்தவர்களின் கணக்கு முடியுமுன்னே கட்டட வேலை தொடங்கிவிட்டது. தொண்டு நிறுவனங்கள் பெட்டி பெட்டியாகச் சுத்தியலும் உளியும் கேட்டன. ஒரு நாள் கொழும்பு ஏஜென்ட் ஒருவன் வந்து மேசையில் இரண்டு சுத்தியல்களை வைத்தான். இரண்டிலும் ஆந்தை. ஒன்று வழமையானது, மற்றது எங்கே வார்த்ததென்று அவனே சொல்லவில்லை. நான் அந்த மற்றதைப் பின்னால் கொண்டுபோய் இரும்புக் கட்டையில் நாலு அடி அடித்தேன். அதன் அடிக்கும் முகத்தின் ஓரம் பிஸ்கட் மாதிரி உடைந்து தெறித்தது. முதலாளியிடம் காட்டினேன்.

"சனம் ஆந்தையப் பாத்துத்தான் வாங்குது ஜெமீல். உடைச்சுப் பாத்தா வாங்குது?" என்றார்.

கொள்கலன் கணக்கில் இறக்கினார். நான்தான் அடுக்கினேன்.

ஓடாவியார் சுத்தியல் வாங்க வந்தார். கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார், முகத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "பழைய சாமானா இது?" என்று என்னைக் கேட்டார். முதலாளி மேசையில் இருந்தார். எனக்கும் வீடு போயிருந்தது, நான்கு பிள்ளைகள், கூடாரத்தில் இருப்பு. இதெல்லாம் எனக்கு நானே சொல்லும் சாட்டு. "அதேதான் காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மகளின் வீட்டு முன்வாசலுக்கு முதிரை மரத்தில் நிலை வைத்தார். நாலு அங்குல ஆணியை இறுக்கும்போது சுத்தியலின் ஓரம் உடைந்து வலக்கண்ணில் ஏறியது. சத்திரசிகிச்சை செய்தார்கள், இரும்பை எடுத்தார்கள், பார்வையை எடுத்துத் தர முடியவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு ஆணியின் தலை எங்கே இருக்கிறதென்று பிடிபடாது. பெருவிரலை இரண்டு தரம் நசுக்கினார். பிறகு வேலையை விட்டார். ஊருக்கெல்லாம் கதவு போட்டவரின் மகள் வீட்டு வாசலில் அரிசிச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டாரும் அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

உடைந்த சுத்தியலோடு அவர் கடைக்கு வந்தார். "அது உங்கட கத்ர் ஓடாவியார். ஆண்டவன்ட நாட்டத்துக்கு நாம என்ன செய்ற?" என்று முதலாளி விதியின் மேல் போட்டு ஒரு வரியில் முடித்தார். படைத்தவனையா இரும்பு வார்க்கச் சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது. அரித்ததோடு சரி.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. தெருவில் பட்டாசு கொளுத்தினார்கள். பாதை திறந்ததும் முதலாளி செய்த முதல் காரியம், மிஞ்சிக் கிடந்த ஆந்தைப் பெட்டிகளை வன்னிக்கு ஏற்றியது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு முகாமில் இருக்கும் சனத்துக்கு வீடு கட்டப் போகிறதாம் அந்த இரும்பு. அவர் பொருத்தம் கேட்கப் புறப்பட்ட அன்று காலையிலும் ஒரு லொறி போனது. அதை ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் நான் அவரோடு போனேன்.

ஓடாவியார் குடும்பம் இருந்த அந்த மகள் வீட்டின் வாசல் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். முதலாளிக்கு வெள்ளை உடுப்பு, அத்தர் வாசம், பின்னால் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் இரண்டு பேர். ஓடாவியார் கதிரை காட்டினார். முதலாளி உட்காராமலே அவருடைய கையைப் பிடித்தார்.

"ஓடாவியார், பயணம் போறன். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் நடந்திருந்தா பொருந்திக்குங்க."

"எது தெரிஞ்சு நடந்த, எது தெரியாம நடந்த?" என்று கேட்டார் ஓடாவியார்.

அப்படி யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மரைக்கார்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி சிரித்தார். "இந்த வீட்டுக்குக் கதவு, சன்னல் எல்லாம் நான் போட்டுத் தாறன். ஸம்ஸியா என்ட மகள் மாதிரி" என்றார்.

உள்ளே இருந்து ஹாஜறா ராத்தாவின் குரல் வந்தது. "பொருந்திட்டன் எண்டு செல்லுங்களன். புள்ளைக்கு வயசு போகுது."

ஓடாவியார் வாசலில் தொங்கிய அந்தச் சாக்கைப் பார்த்தார். அவர் சம்மதித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சம்மதித்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

"என்ட ஒரு கண்ண நான் பொருந்துவன். அது என்ட சாமான்" என்றார். "வன்னிக்கு லொறி போகுதாமே. அங்க உடையிற கண்ணுக்கு ஆருக்கிட்ட பொருத்தம் கேப்பீங்க? அந்தப் பெட்டியத் திருப்பிக் கொண்டு வாங்க. அதுக்குப் புறகு இந்தக் கையப் புடிங்க."

"அது நல்ல சாமான்" என்றார் முதலாளி. முகம் சிவந்துவிட்டது. "கடையில நிக்கிற ஆள் இந்தா இரிக்கான். கேளுங்களன். ஜெமீல், செல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினொரு வருட வாய்ப்பூட்டு அந்த இடத்தில் கழன்றது. ஏஜென்ட் வந்தது, இரும்புக் கட்டையில் நான் அடித்துப் பார்த்தது, உடைந்ததைக் காட்டியது, அவர் சொன்ன பதில், காலையில் ஏற்றிய லொறி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலாளி சாக்கை இழுத்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மரைக்கார்மார் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னால் போனார்கள். என் வேலை போய்விட்டது என்று தெரிந்தது, அதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. ஓடாவியார் என் தோளில் தட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அவர் தட்டவில்லை. நல்ல கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் உன்னக் கேட்டுத்தானே வாங்கின ஜெமீல்" என்றார். "இத அண்டைக்குச் செல்லியிருந்தா எனக்கு ரெண்டு கண் இரிக்கும்."

பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழும்பி உள்ளே போய்விட்டார்.