மருமகனை யார் சுடுவது

எங்களைச் சுடுவதற்கும் எங்கள் கையால் சுடப்படுவதற்குமாக எங்கள் மச்சானே ஒரு வேனை வாடகைக்குப் பிடித்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. மச்சான் என்றால் என் அக்காவின், அதாவது ராத்தாவின், மாப்பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் பெருநாள் என்பதால், புது மாப்பிள்ளை மனைவி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். மற்றவர்களின் மச்சான்மார் உடுப்பும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் மச்சான் பெயின்ட்போல் விளையாடக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். என் அண்ணன், காக்கா, துள்ளினான். வாப்பா அது என்ன சாப்பாடு என்று கேட்டார்.

கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்களில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணின் பெயருக்குப் போய்விடும். ராத்தாவின் கலியாணத்தோடு உம்மா, வாப்பா, காக்கா, நான் எல்லோரும் பின்பக்கத்து அறைகளுக்கு ஒதுங்கிக்கொண்டோம். முன்வீடு மச்சானுக்கு. பிறந்து வளர்ந்த வீட்டின் முன்னறைக்குள் நாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு நுழைந்தோம். அவர் செய்தி பார்த்தால் எல்லோரும் செய்தி பார்த்தோம். மீன் பொரித்தால் நடுத்துண்டு அவருக்கு, தலையும் வாலும் எங்களுக்கு.

உம்மா எல்லோருக்கும் ஒருபடி மேல். மருமகனின் காலடிச் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவார். நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமா எண்டு கேளு புள்ள" என்று திரைக்குப் பின்னாலிருந்து எனக்குச் சொல்வார். நான் கேட்பேன். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சான், "போதும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லுங்க" என்பார். அதையும் நான்தான் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

இப்படி ராசா மாதிரி வைத்திருந்தோமே, அந்த மனிதருக்கு என்ன குறை? நோன்பின் கடைசிப் பத்தில் ஒருநாள் ராத்தா கிணற்றடியில் உம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னதை நான் கேட்டுவிட்டேன். மச்சான் தன்னுடைய ஊரான அட்டாளைச்சேனையில் வாடகை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். பெருநாள் முடிய முடிவு சொல்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாராம். ஏன் என்று கேட்டால், இங்கே மூச்சு முட்டுகிறது என்கிறாராம்.

"யா அல்லாஹ், அந்தப் புள்ளைக்கு நாங்க என்ன கொற வெச்சம்?" என்று உம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே போவதென்றால் தெருவே வாயில் போட்டு மெல்லும். பெரியவர்களுக்கு அந்தக் கவலை. எனக்கு வேறு கவலை. ராத்தா போய்விட்டால் என் தலையை யார் பின்னிவிடுவது? யாரோடு சண்டை பிடித்துவிட்டு யாருடைய கட்டிலில் போய்ப் படுப்பது? அட்டாளைச்சேனை பக்கத்தில்தானே என்று சொல்வார்கள். ராத்தா அடுத்த அறையில் இல்லையென்றால் எனக்கு எல்லா ஊரும் தூரம்தான்.

வாப்பா காக்காவையும் என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார். "மாப்புளட மனம் கோணாம நடந்துக்கங்க. அவருக்கு ஒரு சின்ன வருத்தமும் வரப்படா, வெளங்கிச்சா?" என்றார். மரியாதை போதவில்லை என்று வாப்பா முடிவு செய்திருந்தார். ஆகவே மரியாதையை இரட்டிப்பாக்கினோம். அதுவரை எங்களுக்கு மிஞ்சியிருந்த மீன் தலையும் அன்றோடு அவர் பக்கம் போயிற்று. இந்த நிலைமையில்தான் பெயின்ட்போல் வந்தது.

பொத்துவில் போகும் வழியில், சவுக்கு மரங்களுக்கு நடுவே, கடற்கரையை ஒட்டிய ஒரு மணல்வெளி அது. பழைய தகரப் பீப்பாய்களும் டயர் அடுக்குகளும் பலகைத் தட்டிகளும் அங்கங்கே நின்றன. நடுவில் கவிழ்த்துப் போட்ட ஓட்டைத் தோணி ஒன்று. விளையாட்டைச் சொல்லித்தரும் தம்பி ஆலையடிவேம்புக்காரன். எங்களைப் பார்த்ததும் அவனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். பழைய உடுப்போடு வரச் சொல்லியிருந்தும் நாங்கள் பெருநாள் உடுப்போடு, அத்தர் பூசிக்கொண்டு, ஒரு பெரிய சட்டி புரியாணியோடு போய் இறங்கியிருந்தோம். எல்லோருக்கும் மேலே போட்டுக்கொள்ளத் தொளதொள அங்கி ஒன்று கொடுத்தான். நெஞ்சுக்குத் தடித்த கவசம், கண்ணையும் முகத்தையும் காதையும் மூடும் முகமூடி, பிறகு துப்பாக்கி மாதிரி அந்தச் சாமான்.

"துவக்கா?" என்று பாயில் உட்காரப் போன உம்மா நிமிர்ந்தார். உம்மாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. யுத்தம் நடந்த அவரின் குமர்க் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஓடத்தான் வேண்டியிருந்தது.

"துவக்கு இல்லம்மா, மார்க்கர்" என்றான் தம்பி. "உள்ளுக்கு இருக்கிறது குண்டு இல்ல, நிறம் நிரப்பின உருண்டை. ஆளில பட்டா உடைஞ்சு நிறம் ஒட்டும், அவ்வளவுதான்."

பெயர் மாறியதில் உம்மாவுக்கு அரைமனதாகச் சமாதானம். ஆனாலும் தான் பார்க்க மட்டும்தான் வந்தேன் என்று வலைக்குப் பின்னால் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். தம்பி எங்களுக்குச் சட்டதிட்டங்கள் சொன்னான். களத்துக்குள் என்ன நடந்தாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது. வெளியே வந்தால் குழல் வாய்க்கு உறை போட வேண்டும். தலைக்குக் குறி வைக்கக் கூடாது, மிகக் கிட்டத்தில் நின்று சுடக் கூடாது. பட்டவர் தானாகவே கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும், கை உயர்த்தியவரை யாரும் சுடக் கூடாது. நிறத்தைத் துடைத்துவிட்டு நின்றால் அது கள்ள ஆட்டம். வாப்பா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். குத்பாப் பிரசங்கத்துக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

மச்சான் வேலை செய்யும் இடத்து ஆட்களோடு முன்பே விளையாடியவர். அதனால் அவரும் ராத்தாவும் ஒரு பக்கம், வாப்பாவும் காக்காவும் நானும் மறுபக்கம். அவருடைய கண்கள் மின்னின. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படிப் பார்த்ததில்லை. "விடாதீங்க, நல்லாச் சுடுங்க!" என்று எங்களைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினார்.

விசில் ஊதியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் விட்ட மூச்சே முகமூடியின் கண்ணாடியில் புகையாகப் படிந்தது. ஒரே டயர் அடுக்குக்குப் பின்னால் கோழி அடைகாப்பதுபோல் குந்திக்கொண்டிருந்தேன். தூரத்தைப் பார்த்துச் சுட்டால் உருண்டை பாதி வழியில் மணலில் விழுந்தது. கொஞ்சம் மேலே தூக்கிச் சுட வேண்டும் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. கண்ணாடி தெளிந்தபோது, மச்சான் எனக்கு நேரே, மறைப்பு எதுவுமில்லாமல் வந்துகொண்டிருந்தார். என் விரல் விசையில் இருந்தது. 'மனம் கோணாம' என்ற வாப்பாவின் குரல் காதில் வந்தது. நான் திரும்பி ஒரு சவுக்கு மரத்தைச் சுட்டேன்.

காக்கா மட்டும் என்னவாம்? கால் தடுக்கியதாகப் பாவனை செய்து மணலில் குப்புறப் படுத்துக்கொண்டான். வாப்பாவோ இன்னும் மோசம். பீப்பாயைச் சுற்றி வந்த மச்சானை எதிரே கண்டதும், "வாங்க மாப்புள" என்று சொல்லிக் கையை உயர்த்தியபடி வெளியே நடந்தார்.

"ஐயா! படாம கையத் தூக்கப்படா!" என்று தம்பி களத்து ஓரத்திலிருந்து அலறினான்.

"பட்ட மாதிரித்தான்" என்றார் வாப்பா.

இரண்டாவது ஆட்டமும் இதே கூத்துத்தான். மச்சான் வேண்டுமென்றே நடுவெளியில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். எங்கள் உருண்டைகள் அவருக்கு இடமாகப் போயின, வலமாகப் போயின, தோணிக்குப் போயின, ஒன்று கடலுக்கே போயிற்று. ஆட்டம் முடிந்தபோது நாங்கள் மூவரும் பெருநாள் கேசரி மாதிரி செம்மஞ்சளாக இருந்தோம். மச்சானின் அங்கியில் ஒரு பொட்டு நிறம் இல்லை.

அவர் களத்துக்கு வெளியே வந்து முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒருத்தருமே என்னச் சுட மாட்டீங்களா?" என்று கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

"நீங்க நல்லா ஆடுறீங்க மாப்புள. எங்களுக்கு ஏலாது" என்றார் வாப்பா. எங்கள் திட்டம் பலித்துவிட்டது என்ற பெருமை அவருக்கு.

மச்சான் ராத்தாவிடம், "நாளைக்கு அந்த வீட்டுக்காரருக்கு ஓம் எண்டு சொல்லுவம்" என்றார். மெல்லத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. ராத்தாவின் கண் நிறைந்தது. இவ்வளவு வெல்ல வைத்தும் இந்த மனிதருக்குத் திருப்தி வரவில்லையே! இனி ஓட்டமும் ஏலாது, மூச்சும் ஏலாது என்று வாப்பா மணலில் சாய்ந்துவிட்டார். அந்த நேரம் வலைக்குப் பின்னால் பாய் சரசரத்தது.

"அந்தச் சாமானை இங்க தா" என்றார் உம்மா.

உம்மா அபாயாவுக்கு மேல் அங்கியை மாட்டினார், தலைமுக்காட்டுக்கு மேல் முகமூடியை இறுக்கினார். தம்பி சட்டதிட்டங்களை மறுபடி ஒப்பித்தான். உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு சந்தேகம் கேட்டார்.

"பட்டா ஆளுக்கு ஒண்டும் ஆகாதே?"

"இல்லம்மா, கொஞ்சம் நோகும்."

"நோகட்டும்."

விசில் ஊதியது. உம்மா கவிழ்ந்த தோணிக்குப் பின்னால் போனது மட்டும்தான் எனக்குத் தெரியும். மச்சானுக்கு இப்போது பெரிய சங்கடம். எதிரே மாமி. குழலைத் தாழ்த்தி, வீட்டில் செய்வதுபோலவே முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நடுவெளியில் நின்றுவிட்டார். தோணிக்கு மேலே முகமூடி எழும்பியது. முதல் உருண்டை மணலில் விழுந்தது. அடுத்தது அவரின் நெஞ்சில் உடைந்தது. அதற்கு அடுத்தது முழங்கைக்கு மேலே. அதற்குப் பிறகு வந்தவை எங்கெங்கே பட்டன என்று எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடிவிட்டேன்.

"மருமகன்! பட்டுட்டு! கையத் தூக்குங்க!" உம்மாவின் குரல். நேரே மச்சானுக்கு. "நடு வெளியில வயல் வெருளி மாதிரி நிக்கிறீங்க! ஒளிஞ்சு நிண்டு ஆடத் தெரியாதா உங்களுக்கு?"

மணலில் கிடந்த வாப்பா எழும்பி உட்கார்ந்து, மரணச் செய்தி கேட்டவர்போல "இன்னா லில்லாஹி" என்றார். எங்கள் குடும்பத்தில் புது மாப்பிள்ளையை ஒருவர் ஏசியது அதுதான் முதல் தடவை. அதுவும் மாமி! அதுவும் சுட்டுவிட்டு!

மச்சான் அசையாமல் நின்று தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். விரலால் நிறத்தைத் தொட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எனக்கு உயிர் போயிற்று. பார்த்தால் சிரிக்கிறார். முகமூடிக்குள் மூச்சு வாங்க முடியாமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து சிரிக்கிறார்.

"மாமி, ஒண்டு பட்டாப் போதும்! இத்தனை அடிச்சிட்டீங்களே!"

"முதலாவது படல்ல. அதுக்குத்தான்" என்றார் உம்மா.

அதன் பிறகு நடந்ததை எந்தச் சட்டதிட்டத்திலும் அடக்க முடியாது. அடுத்த ஆட்டத்தில் மச்சான் பீப்பாய் பீப்பாயாகப் பதுங்கி உம்மாவைத் தேடினார். உம்மாவின் தோளில் ஒன்று பட்டது. உம்மா அதை அங்கியின் கையால் துடைத்துவிட்டு, படவில்லை என்று சாதித்தார். "மாமி கள்ள ஆட்டம் ஆடுறா! தம்பி, பாருங்க!" என்று மச்சான் கத்த, "கண்டவர் ஆரு? சாட்சி இருக்கா?" என்று உம்மா கத்த, தம்பி விசிலை வாயில் வைத்தபடி சிரித்துச் சிரித்துக் களைத்தான். காக்கா ராத்தாவைச் சுட்டான். ராத்தா தான் எந்தப் பக்கம் என்பதை மறந்து தன் மாப்பிள்ளையையே சுட்டாள். நான்கூடச் சவுக்கு மரத்தை விட்டுவிட்டு மச்சானின் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு எல்லோரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணி சாப்பிட்டோம். காக்காவின் பக்கத்து இறைச்சித் துண்டை மச்சான் தட்டிப் பறித்தார்.

வேனில் வரும்போது நான் உம்மாவோடு கதைக்கவில்லை. அன்று அவ்வளவு சிரித்திருந்தும் எனக்குள் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. வெல்ல வைத்தே தங்க மாட்டேன் என்றவர், இப்படித் தோற்கடித்து, ஏசியும் விட்ட பிறகு தங்குவாரா? ராத்தாவைத் தொலைத்ததே உம்மாதான் என்று முடிவு கட்டினேன். உம்மாவோ வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

மறுநாள் காலை மச்சான் வீட்டுக்காரருக்கு எப்போது அழைப்பார் என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழைத்தார்தான். அட்டாளைச்சேனையிலிருக்கும் தன் தம்பிமாரைத்தான் அழைத்தார். அவர்கள் வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்கு மேலே கருநீலமாகக் கன்றியிருந்த இடத்தைக் காட்டினார். "என்ட மாமி சுட்டது" என்றார். தம்பிமார் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டினார், பள்ளிவாசலுக்கு முன்னால் சந்தித்தவர்களுக்குக் காட்டினார், மீன் கொண்டு வந்தவருக்கும் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. தோற்றதை யாராவது தெருத்தெருவாகக் காட்டுவார்களா?

வாடகை வீட்டுப் பேச்சு அதற்குப் பிறகு வரவேயில்லை. உம்மாவைச் சுட்டுப் பழி தீர்க்கும்வரை போகக் கூடாது என்று வைராக்கியத்தில் இருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதனால் இனி யாரும் பெயின்ட்போல் பக்கமே போகக் கூடாது என்று தொழுகையில் துஆவும் கேட்டேன்.

நாளாக ஆக அந்தக் கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகியது. ஒருநாள் மச்சான் முன்னறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிடும் போல கிடக்கு" என்றார். முகத்தில் உண்மையான கவலை.

"பயப்படாதீங்க மச்சான், ரெண்டு மூணு நாளையில அடையாளமே இல்லாமப் போயிடும்" என்று ஆறுதல் சொன்னேன்.

அவர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார். நோவு ஆறியதற்கு ஒரு மனிதர் ஏன் இப்படிக் கவலைப்படுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.