பூரணியின் இடது கன்னம்

"கண்ணச் சிமிட்டுங்க பெரியம்மா," என்றாள் சர்மிளா.

"சிமிட்டிட்டேன் புள்ள."

"வலது கண்ணுதான் மூடுச்சு."

"இடது மூடுனா நான் ஏன் துணியால கட்டிக்கிட்டுப் படுக்கிறேன்?"

"சரி, கொஞ்சம் சிரிங்க."

"யாரப் பாத்துச் சிரிக்கிறது? கணக்கப்பிள்ளையவா?"

கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள், வாயின் வலது பாதியால். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில், முகம் பார்த்து வரவு பதியும் பெரட்டு மெஷினில் சிவப்பு எழுத்து வந்தது: முகமூடி.

"அதக் கழட்டி வச்சிட்டு நாளைக்கு வாக்கா," என்றார் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி.

மெஷினில் பேர் விழுந்தால்தான் வேலை. பூரணி கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள்.

அந்த மெஷினைச் சர்மிளாதான் பார்த்துக்கொண்டாள். தோட்ட ஆபீசில் தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டு வருஷத்துக்கு முன் முகவாதம் வந்து பூரணியின் இடப்பக்கம் மரத்துப்போனது. மெஷினுக்கு அப்போது அது பொருட்டில்லை. கோணிய முகத்தையே பதிந்துகொண்டு பேர் போட்டது.

தை மாதம் அவள் புருஷன் மாயாண்டி செத்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். லயத்து முடக்கில் அவர் முகம் போட்ட பெரிய பேனர் கட்டினார்கள். எட்டாம் நாள் அதைக் காணவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பனி மூடிய ஒரு காலையில், பூரணி எல்லோருக்கும் முந்தி மடுவத்துக்கு வந்தாள். உள்ளே மெஷினின் குரல் கேட்டது: "மாயாண்டி. வரவு பதிவாகியது." மழைக்கோட்டுக்குள் அவள் புருஷனின் முகம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. பேனர் முகத்தைப் பிடுங்கினாள். அதன் பின்னால் இருந்தது கணேசமூர்த்தி.

செத்தவர் பேரில் கணேசமூர்த்தி சம்பளம் எடுப்பதைப் பூரணி சொல்லச் சொல்லச் சர்மிளா கம்பனிக்குச் சிங்களத்தில் எழுதினாள். ஒரு கிழமையில் பதில் வந்தது. கணேசமூர்த்திக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மெஷினுக்குப் புதுக் காவல். பொருத்த வந்த ஆள் விளக்கினான்: கண்ணும் வாயும் இரு பக்கமும் அசைய வேண்டும், அசையாவிட்டால் அது முகமூடி. சர்மிளா பூரணியைக் காட்டிக் கேட்டாள். ஒருத்திக்காக இளக்கினால் பேனர் திரும்ப உள்ளே வந்துவிடும் என்றான். கையால் பேர் எழுதவும் தடை.

பூரணி தினமும் பெரட்டுக்கு வந்தாள்.

"செத்த மனுசனுக்கு ஒரு மாசம் பேர் போட்டீங்களே ஐயா. எனக்கு ஒரு நாள் போடக்கூடாதா?"

"நானா போடுறேன்? மெஷின்தான போடுது," என்றார் கணேசமூர்த்தி.

மூன்று மாதம் பேர் விழாதவர்களை இடாப்பிலிருந்து எடுத்துவிடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். பேர் போனால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயக் காம்பராவும் போகும். ஆவணியில் இரண்டும் போயின. மாயாண்டியின் கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பூரணி நானுஓயா டவுனுக்குப் போனாள். அங்கே ஒரு மரக்கறிக் கடையின் பின்னால் லீக்ஸ் கழுவுகிறாள். கணேசமூர்த்தி இன்னும் மெஷின் பக்கத்தில்தான் நிற்கிறார்.

சர்மிளா கம்பனிக்கு இரண்டாவது கடிதமும் எழுதினாள். அதற்குப் பதில் வரவேயில்லை. அதையும் பூரணிதான் எழுதச் சொன்னாள், வேலையில்லாமல் திரும்பிய பத்தாம் நாள், ஆபீஸ் யன்னலுக்கு வெளியே நின்று:

"புள்ள, சிங்களத்துல இன்னொரு கடுதாசி எழுதித் தர்றியா? பெரிசா ஒண்ணும் வேணாம். இது என் சொந்த மூஞ்சிதான்னு மட்டும் எழுது."