அழகான தெருவில் பந்தல் போடக் கூடாது

கதிரை வாடகைக்கு விடுகிறவன் வீட்டுக் கதவை யாரும் சும்மா வந்து தட்டுவதில்லை. ஒன்று கல்யாணமாக இருக்கும், இல்லாவிட்டால் சாவாக இருக்கும். ஹட்டன் டவுனில் ஒரு பழைய கடைத் தெருவில் நான் இந்தத் தொழிலைத்தான் செய்கிறேன். உட்காருகிற கதிரை, மழைக்குக் கட்டுகிற படங்கு, பந்தல் கம்பு, பெரிய சட்டி பானை எல்லாம் என்னிடம் உண்டு. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரித்தான் எழுத வரும்.

எங்கள் தெரு வெள்ளைக்காரன் காலத்துத் தெரு. கீழே கடை, மேலே பலகைத் தளம் போட்ட வீடு. சில வருடங்களுக்கு முன்னால் தெருவை அழகுபடுத்த ஒரு குழு உண்டானது. சுவர்களில் படம் வந்தது. அரிசிக் கடை கோப்பிக் கடையானது. தேயிலைச் சாக்கு அடுக்கிய கிட்டங்கி சித்திரக் கூடமானது. உங்கள் தெருவையும் யாராவது இப்படிப் பிடித்து அழகாக்கியிருந்தால் நான் சொல்லப் போவது உங்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்கு முறை வரும்போது விளங்கும்.

படிக்கட்டு

எங்கள் மாடி வீடுகளுக்கு ஏறும் படிக்கட்டு ஓர் ஆள் அகலம்தான். நடுவில் ஒரு திருப்பம் வேறு. சவப்பெட்டி அதில் திரும்பாது. அதனால் எங்கள் தெருவில் மாடியில் யார் செத்தாலும் உடலைக் கீழே இறக்கி, கடை வாசலில் பாதி ரோட்டை மறித்துப் பந்தல் போட்டு, அதற்குள்தான் பெட்டியை வைப்போம். தப்பு மேளமும் அங்கேதான் அடிப்பார்கள். வான்காரன் ஹோர்ன் அடிக்காமல் ஓரமாக ஊர்ந்து போவான். கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்குவார்கள். இதற்கெல்லாம் சட்டம் எழுதி வைத்தவர் யாருமில்லை. படிக்கட்டு அப்படி, அதனால் வழக்கமும் அப்படி.

பக்கத்து மாடித் தையல்காரரின் தாய் செத்தபோது அந்த அம்மாவை என்னுடைய கதிரை ஒன்றில் உட்கார வைத்துத்தான் கீழே இறக்கினோம். தலை சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியவள் என் மனைவி பாக்கியம். அவளுக்கே நெஞ்சு வருத்தம். மாதா மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுத்து வருகிறவள். எல்லாம் முடிந்து, தலை முழுகிவிட்டு வந்து என் முன்னால் நின்று சொன்னாள்:

"ஏங்க, எனக்கும் இதே மாதிரி நம்ம வாசல்ல, ரோட்டுலதான் வைக்கணும். புள்ளகுட்டி இல்லாத நமக்கு இந்தத் தெரு சனத்த விட்டா அழ யாருங்க இருக்கா?"

பச்சைப் பறவை

எங்கள் கட்டடம் தியாகு முதலாளிக்குச் சொந்தம். புடவைக் கடைக்காரர், அந்த வரிசையில் பாதி அவருடையது. அழகுபடுத்தும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவரோடு நான் பேசுவதில்லை. காரணம் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு, அவர் கடைச் சுவருக்கு அந்தப் பக்கமே என் கடை நிறையக் கதிரை இருக்கும்போது, கண்டியிலிருந்து லொறியில் கதிரை கொண்டுவந்து என் வாசலிலேயே இறக்கினார். தங்க நிறத் துணி போட்ட கதிரைகள். நான் என்னுடைய இரும்புக் கதிரைகளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகின்றன. நான் மறக்கவில்லை.

அவருடைய அனுமதியோடுதான் கொழும்புப் பையன்கள் சாரம் கட்டி என் கடை முகப்பில் படம் வரைந்தார்கள். கூரை முதல் கதவு வரை ஒரு பச்சைப் பறவை. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் 'கதிரை, பந்தல் வாடகைக்கு' என்று நான் எழுதிப் போட்டிருந்தது பறவையின் வயிற்றுக்குள் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து பறவைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். என் ஆட்களைத்தான் காணவில்லை. பத்தனையிலிருந்து வழக்கமாக வருகிற ஒருவரைப் பஸ் ஸ்டாண்டில் கண்டு, மகனுடைய கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடு சொன்னார்:

"வந்து பாத்தேண்ணே, ஒரே குருவியா இருந்துச்சு. நீங்க கடைய வித்துட்டுத் தோட்டத்துக்கே போயிட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

துரு

அரிசிக் கடையைக் கோப்பிக் கடையாக்கியவன் கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பையன். மரியாதையான பிள்ளை, என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் வந்து கடைக்கு நிரந்தரமாகக் கதிரை வேண்டும் என்றான். நான் புதிய பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அவற்றைத் தாண்டிப் பின்னால் போய், பழைய இரும்புக்குப் போடலாம் என்று மழையில் குவித்து வைத்திருந்ததைக் கிளற ஆரம்பித்துவிட்டான். துருப்பிடித்த மடக்குக் கதிரைகள். உட்கார்ந்தால் காற்சட்டையில் கறை படும். எழுந்தால் சதையைக் கிள்ளும். சாவு வீட்டுக்குக்கூட நான் அனுப்ப வெட்கப்பட்டு ஒதுக்கியவை.

பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். பதறிப் போனான். அவன் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"ஐயோ, கை வைக்காதீங்க மாமா. ஒக்கார்றவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்தாத்தான் இது பழைய தெருன்னு நம்புவாங்க."

நீட்டு மேசை

கதிரை போடுவதில் முறை இருக்கிறது. கூட்டம் என்றால் வரிசை. கல்யாணம் என்றால் மணவறையைப் பார்த்து. சாவு வீடு என்றால் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டு நடுவை வெறுமையாக விட வேண்டும்; பெட்டி வைக்கிற இடம் அது. எங்கள் ஊரில் கதிரை கிடக்கிற விதத்தைத் தூரத்தில் பார்த்தே ஆட்கள் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்கள்.

சித்திரக் கூடம் திறக்கிற நாளில் அதை நடத்துகிற பெண் என்னைக் கூப்பிட்டு, கதிரைகளை இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போடச் சொன்னாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளை. வேண்டாம் அம்மா என்றேன். நடுவில்தான் முக்கியமான பொருள் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றாள். நடுவில் ஒரு நீட்டு மேசை. அதன்மேல் ஏதோ மரச் சிற்பம், பிறகு திறப்பதற்காக வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. தலைமாட்டில் குத்துவிளக்கு. மேலே கட்டுவதற்கும், சாவுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணிதான் கேட்டாள். எதிர்ப்பக்கம் சில்லறைக் கடை வைத்திருக்கும் ரஷீத் நானா எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பாதி ஷட்டரை இறக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சனம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. அந்தப் பெண்ணுக்கோ ஒரே சந்தோஷம். ஊர் மக்கள் இவ்வளவு பக்தியாகக் கலையைப் பார்க்க வருவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லையாம்.

கொட்டகலைப் பக்கத் தோட்டத்து அம்மா ஒருவர், டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர், வெகுநேரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பொறுமை இழந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்:

"மனசத் தேத்திக்கம்மா. எப்ப எடுக்கிறீங்க? எனக்கு மூணு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல."

தீர்மானம்

அதைக் கேட்டு ஊரே சிரித்தது. தியாகு முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் குழுக் கூட்டம் போட்டார். கதிரை என்னுடையதுதான், வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசிக் கதிரையில் நானும் உட்கார்ந்தேன். இனிமேல் இந்தத் தெருவில் ரோட்டை மறித்துப் பந்தல் போடக் கூடாது என்றார். சாவு நடந்தால் உடலைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற மலர்ச்சாலையில் வைக்க வேண்டும். அங்கே மண்டபம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்த மலர்ச்சாலையை எனக்குத் தெரியும். உடலை வைத்துவிட்டுச் சொந்தக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிற இடம். தெருச் சனம் கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் இறங்கி வராது. வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அப்போது மாடியில் பாக்கியம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு வராது என்ற நிலைக்கு வந்திருந்தாள். நான் எழுந்து நிற்கவில்லை. அவரோடு பேசாதவன் எப்படி எழுந்து கேட்பது? ரஷீத் நானாதான் எழுந்தார். "எங்க ஆளுங்க மய்யித்த அன்னைக்கே எடுத்துருவோம். எனக்காகப் பேசல்ல, முதலாளி. மாடியில இருக்கிற இந்தப் பழைய ஆளுங்க செத்தா எங்க வைப்பாங்க? ஒரு நாள் ரோட்டு, கொடுத்தா என்ன?" என்றார். தியாகு முதலாளி பதிலை ரஷீத் நானாவுக்குச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, நானும் இங்கதான் பொறந்தேன். ஆனா சாவு வீட்டப் பாத்துக்கிட்டு யாருண்ணே கோப்பி குடிக்க வருவா?"

தெருமுனையில் அதையே மூன்று மொழியில் எழுதிப் பலகை வைத்தார்கள். அதன் ஓரத்திலும் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தார்கள்.

வாசலில்

பாக்கியம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். சனிக்கிழமைதான் எங்கள் தெருவுக்கு வெளியூர்ச் சனம் நிறைய வருகிற நாள். உடலைத் தருகிற இடத்தில், வண்டிக்காரன் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டான். மலர்ச்சாலை போகிற வழியில்தான் என்று அவனே சொன்னான். பஸார் தெரு, பறவை போட்ட கடை என்றேன். அனுமதி கேட்க நான் யாரிடமும் போகவில்லை. போயிருந்தால் தியாகு முதலாளி ஒருவேளை கொடுத்திருப்பார். கொடுத்தார் என்று வாழ்நாள் முழுக்க நினைக்க வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது.

ரோட்டில் ஓர் அடிகூட எடுக்கக் கூடாது என்ற வீம்பில், தெருவோரத் தண்ணீர் ஓடுகிற காணுக்கு இந்தப் பக்கமாகவே, ஒரு பெட்டியும் நாலு ஆளும் கொள்ளுகிற அளவுக்கு ஒரு படங்கைக் கட்டத் தொடங்கினேன். எத்தனையோ பேருடைய சாவுக்குக் கட்டியவன். அன்றைக்கு முடிச்சு விழவில்லை. ரஷீத் நானா கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூட்டை தூக்குகிற பையன்கள் உள்ளே போய்க் கதிரைகளை எடுத்து விரித்தார்கள். யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டார்கள். கோப்பிக் கடைப் பையன் பாட்டை நிறுத்திவிட்டு, வெளியே போட்டிருந்த மேசைகளையெல்லாம் உள்ளே எடுத்தான். என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார்கள். என் கதிரையில், சாவு வீட்டுக்காரனாக நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதுகில் அந்தக் கம்பி எங்கே குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தெரு நிறையச் சனம். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் பாக்கியத்தைச் சுற்றி நின்று அழுதார்கள். பாதிப் பேர் படங்குக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தார்கள். அப்போது தியாகு முதலாளி குடையோடு வந்தார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து படங்கைப் பார்த்தார், நனைகிற பெண்களைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்:

"என்னண்ணே இது, கோழிக்கூடு மாதிரி கட்டியிருக்கீங்க? கம்ப ரோட்டு நடுவுல நட்டு நல்லா இழுத்துக் கட்டச் சொல்லுங்க, நம்ம சனம் நனையுதுல்ல."

கட்டினோம், அதற்குப் பிறகு யாரும் நனையவில்லை. ஆனால் பலகையை அவர் இன்னும் எடுக்கவில்லை என்பதால், அந்த மாடியிலிருந்து அடுத்து இறங்க வேண்டியவனாகிய நானும் அவரோடு இன்னும் பேசத் தொடங்கவில்லை.