பெயரை அழிக்கச் சொன்னவன்

இறந்துபோன ஒரு தொழிலாளியின் பெயரை அழிக்கச் சொன்னவன் நான். துபாயில் நாங்கள் கட்டிய கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவன் அவன். கார் நிறுத்தும் தளத்துக்கு கான்கிரீட் போட்ட அன்று, ஈரம் காய்வதற்குள் அவனுடைய ரூம்காரர்கள் ஆணியால் அவன் பெயரை எழுதிவிட்டார்கள். மறுநாள் முதலாளி பார்வையிட வருவதாக இருந்தது. இன்ஜினியரான எனக்கு அது வெறும் கீறல்.

"மூலையிலதானே சார் இருக்கு, காருக்கு அடியில யாரு பாக்கப்போறா?" என்றார் மேஸ்திரி.

"இது என்ன கபுர்ஸ்தானா? கிரைண்டர் போட்டுத் தேய்யா" என்றேன்.

அடுத்த ஆண்டு கம்பெனி எங்களை பெர்லினுக்கு ஒரு கண்காட்சிக்கு அனுப்பியது. ஒரு நாள் நினைவுச் சின்னங்களைச் சுற்றிக் காட்டினார்கள். கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைப் பித்தளையில் பொறித்து, அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில் பதித்திருந்தார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தேன், கண் கலங்கினேன், போட்டோவும் எடுத்தேன். ஹோட்டலுக்கு வந்ததும் எங்கள் ஆள் நினைவுக்கு வந்தான். அவன் பெயர் நினைவுக்கு வரவில்லை. என் கண்ணீரின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

திரும்பியதும் தொழிலாளர்கள் தங்கியிருந்த அல் கூஸ் கேம்புக்குப் போய் மேஸ்திரியிடம் பெயரைக் கேட்டேன். "இப்ப எதுக்கு சார்?" என்றபடி சொன்னார். பித்தளைத் தகட்டில் அதைப் பொறித்து அந்தத் தளத்தின் தூணில் நானே ஒட்டினேன். ஒரே வாரத்தில் கட்டட நிர்வாகம் அதைப் பிய்த்தெறிந்தது. அங்கே போய்க் கத்திவிட்டு, மேஸ்திரிக்குப் போன் செய்து சொன்னேன்.

"நீங்க அழிச்சப்ப நாங்க யார்கிட்ட சார் போய்க் கத்துனோம்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.