சம்பந்தியம்மாளின் குதிரைப்படை

டைப்பிஸ்ட்டம்மாளின் மகள் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அப்பா எப்படி இருக்கிறார் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் வந்ததும் "சரிம்மா, வெச்சுடறேன்" என்று வைத்துவிடுவாள். மகளுக்கு அம்மாமேல் எந்தக் கோபமும் கிடையாது. டைப்பிஸ்ட்டம்மாளின் குறையே அதுதான். சண்டை என்று ஒன்று இருந்தாலாவது சமாதானம் பேசலாம்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் அடிக்கிறவர் அவர். அதிகாரி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் டைப்பிஸ்ட்டம்மா. திரையைப் பார்க்காமல், விரலைப் பார்க்காமல், வந்தவரோடு பேசிக்கொண்டே நிலத்தின் நான்கு எல்லைகளையும் அடித்து முடிப்பார். கையால் ஆகிற காரியம் எதுவும் தனக்கு வராமல் போகாது என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

ஒருநாள் மாப்பிள்ளை பேச்சுவாக்கில் ஒன்றைப் போட்டு உடைத்தார். "எங்கம்மாவும் அவளும் சனிக்கிழமை மூணு மணிக்குக் கம்ப்யூட்டர்ல உக்காந்தா அஞ்சு மணிவரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க அத்தை. ஆளுக்கு ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு ஆன்லைன் கேம்ல கோட்டை பிடிக்கறாங்க. ஒரே சிரிப்பு."

பெற்றவளுக்கு மூன்று கேள்வி, மாமியாருக்கு இரண்டு மணி நேரம். டைப்பிஸ்ட்டம்மாளுக்கு வயிறு எரிந்தது. அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டார்.

"நானும் வரேன்."

"உனக்கு வராதும்மா. வாளு, குதிரைன்னு ஒரே நேரத்துல பத்து வேலை பார்க்கணும்."

"எனக்குத் தெரியாத கீபோர்டா?"

மகள் யோசித்தாள். அவர்கள் எட்டுப் பேர் கொண்ட குழு. ஆளுக்கு நாற்பது வீரர்கள். மகள்தான் தளபதி. எட்டாவது இடம் அப்போது காலியாக இருந்தது. "நாலு வாரம் பார்க்கலாம். சரிப்படலேன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் காத்திருக்காங்க. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது" என்றாள்.

எந்தப் பொத்தான் எதற்கு என்று மகள் அனுப்பிய குறிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது. டைப்பிஸ்ட்டம்மாள் அதை முறைப்படி அடித்தார். "பொருள்: ஈட்டிப்படை – கேடயம் உயர்த்துதல் – சுட்டெலியின் வலது பொத்தானை விடாமல் அழுத்துதல் – தொடர்பாக" என்று ஆரம்பித்து, நடப்பதற்கு நான்கு எழுத்து, நிற்பதற்கு எச், ஈட்டியை நீட்டுவதற்கு இசட், படை முழுவதும் பாய்வதற்கு எஃப் என்று வரிசை எண் போட்டு மூன்று நகல் எடுத்தார். ஒன்று மேஜைக்கு, ஒன்று கோப்புக்கு. மூன்றாவதைக் கணவரிடம் கொடுத்தார். அவர் அதை மடித்து ஆடுகிற நாற்காலியின் காலுக்குக் கீழே வைத்தார்.

முதல் சனிக்கிழமை கோட்டை வாசலைக் காக்கும் பொறுப்பு டைப்பிஸ்ட்டம்மாளுக்கு. வேலை ஒன்றும் பெரிதில்லை, நிற்க வேண்டும். ஆனால் விசைப்பலகைமேல் கை வைத்ததும் இடது சுட்டுவிரல் தானாகப் போய் எஃப்மேல் உட்கார்ந்தது. முப்பத்தொரு வருடமாக அதன் வீடு அதுதான். அந்த விசையில் இருக்கும் சின்ன மேடு விரலுக்குப் பட்டால்தான் அவருக்கு நிம்மதி. பட்டது. நாற்பது பேரும் கத்திக்கொண்டு வாசலை விட்டு ஓடினார்கள். எதிரில் இருநூறு பேர்.

"எட்டு, யார் உங்களைப் போகச் சொன்னது?" என்றது மகளின் குரல். விளையாட்டில் உறவு கிடையாது, எண்தான்.

கணவர் பேப்பரை விலக்கிப் பார்த்தார். "எத்தனை பேர் போனாங்க?"

"எல்லாரும்."

அடுத்த வாரமும் அதே கதை. இந்த முறை முன்னால் நின்றது சம்பந்தியம்மாளின் குதிரைப்படை. அந்த விளையாட்டில் ஈட்டிக்குத் தன் ஆள், மாற்றான் ஆள் என்ற பேதம் இல்லை. பதினோரு குதிரைகள் விழுந்தன, ஒன்றின்மேல் சம்பந்தியம்மாளே இருந்தார்.

"பரவாயில்லைங்க. புதுசா கத்துக்கறவங்க பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரைத்தான் மிதிப்பாங்க" என்றார் அவர். அவருக்கு உத்தியோகம் டிரைவிங் ஸ்கூலில், பயிற்சி கொடுக்கும் வேலை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பொத்தானையே மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது என்று மகள் சொன்னாள். டைப்பிஸ்ட்டம்மாள் கேட்கவில்லை. எந்த எழுத்து எங்கே என்பதையெல்லாம் மாற்ற நாம் யார் என்பது அவர் கட்சி. மூன்றாவது சனிக்கிழமையும் நாற்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். "இன்னும் ஒரு வாரம்தான்" என்றாள் மகள்.

புதன்கிழமை சாயங்காலம் சம்பந்தியம்மாளே கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க விரல் எங்க இருக்கு?"

"எங்க இருக்கணுமோ அங்கதான்."

"எஃப்ல தானே? நான் ரோட்டைப் பார்க்கறதைவிட ஓட்டறவங்க காலைத்தான் அதிகமாப் பார்ப்பேன். அந்த மேட்டுமேல பிளாஸ்திரி ஒட்டுங்க. பக்கத்துல இருக்கற டிமேல நகப்பாலிஷ் ஒரு சொட்டு விட்டுக் காய வைங்க. விரல் அங்க போய் உக்காந்துக்கும்."

ஒட்டினார், காய வைத்தார். இருவரும் விளையாட்டின் பயிற்சி மைதானத்தில் ஒரு மணி நேரம் நின்றார்கள். நாற்பது பேரும் நின்றார்கள். மறுநாள் ஆபீசில் ஒரு பத்திரத்தின் முதல் வரி எந்த மொழியிலும் சேராமல் வந்தது. அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். டைப்பிஸ்ட்டம்மாள்தான் பார்த்து, திரும்ப அடித்தார்.

அந்தப் புதன்கிழமைப் பயிற்சியின் நடுவிலேயே அவர் கேட்டுவிட்டிருந்தார். "சனிக்கிழமை அவ உங்ககிட்ட என்னதான் பேசுவா? நான் வர்றதுக்கு முன்னாடி, போனதுக்கு அப்புறம்?"

"உங்க காதுல விழறதுதான். அஞ்சு, வலதுபக்கம் திரும்புங்க. அஞ்சு, பின்னாடி வாங்க. வேற ஒண்ணும் கிடையாது."

"ஒரே சிரிப்பாமே."

"நான் குதிரையிலேருந்து விழுவேன். அதுக்குச் சிரிப்பா." சம்பந்தியம்மாள் குதிரையைப் பக்கத்தில் ஓட்டி வந்தார். "போன்ல எங்கிட்ட ரெண்டு கேள்வி கேப்பா. உங்ககிட்ட?"

"மூணு."

"நீங்க பெத்தவங்க. என் பையன் அந்த ரெண்டும் கேக்க மாட்டான். அதனாலதான் இந்த வயசுல குதிரை ஏறக் கத்துக்கிட்டேன்."

டைப்பிஸ்ட்டம்மாளுக்கு இத்தனை நாள் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. "உங்க பதினோரு குதிரைக்கு மன்னிச்சுக்கங்க" என்றார்.

நான்காவது சனிக்கிழமை ஒரு பாலத்தைக் காக்க வேண்டியிருந்தது. மகள் "நில்லுங்க" என்றாள். எச்சை அழுத்தினார், இசட்டை அழுத்தினார், கேடயத்தை உயர்த்தினார். எதிரிக் குதிரைகள் வந்து வந்து ஈட்டியில் முட்டின. சுட்டுவிரல் டியைவிட்டு அசையவில்லை. பாலம் பிழைத்தது.

"எட்டு, நல்லா நின்னீங்க. அடுத்த வாரம் வந்துடுங்க" என்றாள் மகள். அவ்வளவுதான்.

போனில் அதே மூன்று கேள்விகள்தான் தொடர்ந்தன. பாலம் கிடைத்தது, மகள் கிடைக்கவில்லை. டைப்பிஸ்ட்டம்மாள் ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்.

ஆனால் புதன்கிழமைப் பயிற்சி நிற்கவில்லை. பயிற்சி என்பது பெயருக்குத்தான். வீரர்களை மைதானத்தில் நிறுத்திவிட்டு இருவரும் பேசுவார்கள். முட்டிவலி, தண்ணீர் மோட்டார், கண்ணாடியைப் பார்க்காமல் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டிய ஒரு மாணவி, அப்பனும் மகனும் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்க வந்த கதை. சனிக்கிழமையைவிடப் புதன்கிழமைக்காகத்தான் அவர் காத்திருக்க ஆரம்பித்தார்.

அப்படி ஒரு புதன்கிழமை போன் அடித்தது. மகள்.

"அப்புறம் பேசட்டுமா? உன் மாமியார் லைன்ல இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"இப்ப எனக்கு அடிக்கறா" என்றார் சம்பந்தியம்மாள்.

"எடுக்காதீங்க. நீங்க சொல்லிட்டிருந்ததை முடிங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று டைப்பிஸ்ட்டம்மாளுக்கு உறைத்தது. அதற்குள் மைதானத்தின் வாசலில் ஒரு குதிரை வந்து நின்றது. மேலே தளபதி.

"நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசறீங்க?"

"ஒண்ணும் இல்லியே" என்றார் சம்பந்தியம்மாள்.

"சும்மாதான்" என்றார் டைப்பிஸ்ட்டம்மாள்.

மகள் போய்விடவில்லை. குதிரையைவிட்டு இறங்கி இரண்டு படைகளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "நானும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?"

"இரேன். யார் வேண்டாம்னா?" என்றார் டைப்பிஸ்ட்டம்மாள்.

தளபதி வாளை உறையில் போட்டாள். பிறகு மகள் மெதுவாக, "ஆபீஸ்ல எனக்கு ஒருத்தரும் பேச்சுத்துணை கிடையாதும்மா" என்று ஆரம்பித்தாள். டைப்பிஸ்ட்டம்மாள் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது ஈட்டிக்காரர்களும் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.