எதனால் என்றும் கேளுங்கள்

சிறுநீர் சிவப்பாக வந்தபோது என் கணவர் பீட்ரூட் பொரியலைத்தான் குற்றம் சொன்னார். பீட்ரூட்டை நிறுத்தியும் சிவப்பு நிற்கவில்லை. தேனியில் ஸ்கேன் எடுத்தோம். இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. மதுரையில் நெஃப்ரெக்டமி (சிறுநீரகத்தை அகற்றும் அறுவை) செய்தார்கள்.

தையல் ஆறியதும், தனக்கு இனி நாளில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சொந்தங்களிடம் விடைபெறக் கிளம்பிவிட்டார். தேவதானப்பட்டியில் அவர் தங்கை ஆட்டுக்கறி சமைத்துப் போட்டு அழுதாள். கடமலைக்குண்டில் பெரியப்பா மகன் நாட்டுக்கோழி அடித்து அழுதார். அழுத எல்லாரும் மறக்காமல் அதிரசமும் கட்டிக் கொடுத்தார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தடுத்தால், "சாகப்போறவனுக்கு என்ன பத்தியம்?" என்பார். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். அவர் கண்ணயரும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

மறுபரிசோதனையில், இன்னும் எத்தனை வருடம் என்று டாக்டரிடம் கேட்டார். அந்த டாக்டரம்மா இவருடைய வயது, கட்டியின் அளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"கட்டி சின்னது, முழுசா எடுத்தாச்சு. இந்தப் புற்றுநோயைவிட, சர்க்கரையாலயோ ஹார்ட் அட்டாக்காலயோ நீங்க சாகறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

இப்படிப் பல நோய்கள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதைப் போட்டி மரணக் காரணங்கள் என்பார்களாம். முந்துவது என்றதும் டிரைவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துட்டேனே, அவுக என்ன நெனப்பாக?"

விருந்துகளைப் பற்றி நான் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. மிஞ்சியிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தை அந்த விருந்துகளே கெடுத்துவிடும் என்றார். கணிப்பு என்பது உறுதிமொழி அல்ல, ஸ்கேனைத் தவறவிடக் கூடாது என்றும் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எத்தனை வருடம் என்று மட்டும் கேட்காதீர்கள். எதனால் என்றும் கேளுங்கள். அதில்தான் நம்மால் செய்ய முடிந்தது ஏதாவது இருக்கிறது.

அடுத்த வாரம் நாத்தனார் போனில், அண்ணன் எப்படி இருக்காக என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நன்றாக இருக்கிறார், இன்னும் பல வருடம் இருப்பார் என்றேன். விருந்து கூடாதென்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப பொங்கலுக்குக் கூட்டிட்டு வாங்க மதினி. கறி கெடையாது."

இப்போது காலையில் எங்கள் பழனிசெட்டிபட்டித் தெருக்களில் நடக்கிறார். திரும்பி வந்து தண்ணீர் குடிக்கும்போது வலப்பக்கம் கை வைத்துக்கொள்கிறார். "இங்கன ஒருத்தன் ரெண்டு ஆள் வேலையைப் பாக்குறான்" என்கிறார், மெதுவாக, அவன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

எங்களுக்கு வருடம் என்பது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை. நடுவில் எல்லாரையும் போல எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாத அந்த நாட்களில்தான் பழையபடி சண்டை போட்டுக்கொள்கிறோம்.